முன்னேஸ்வரத்துக்கு ஒரு மூட்டை

பெப்ரவரிப் போயாவை, அதாவது பௌர்ணமி விடுமுறையை, ஒட்டி வருகிற நாட்களில் நானும் மச்சாளும் கொழும்பிலிருந்து சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேஸ்வரம் கோயிலுக்குச் சைக்கிளில் போகிறோம். முதல் நாள் நீர்கொழும்பைத் தாண்டி வைக்கால வரை, ஏறத்தாழ 55 கிலோமீற்றர். அங்கே அப்பாவோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்த ஒருவரின் தென்னந்தோட்டத்தில் கூடாரம் அடித்து இரவு தங்கல். மறுநாள் விடியமுன் கிளம்பி மீதி 35 கிலோமீற்றரையும் ஓடி, காலைப் பூசை பார்த்துவிட்டுச் சிலாபத்தில் ரயில் ஏறுவது திட்டம். சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு போய் வெளியில் இரவு தங்குவது எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் முறை. அதனால் ஆயத்தத்தைச் சாவகாசமாகச் செய்து வருகிறோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் சாமான் பட்டியல்கள் பலவற்றை வாசித்தேன். நல்ல பட்டியல்கள்தான், ஆனால் வேறு நிலத்துக்கு எழுதப்பட்டவை. குளிருக்கான உறக்கப் பை, எரிவாயு அடுப்பு, இரண்டு மூன்று நாளுக்கான உலர் உணவு, ஆற்று நீரை வடிகட்டும் குழாய் என்று அவை நீள்கின்றன. நாள் முழுக்க ஓடினாலும் ஒரு கடை கண்ணில் படாத இடங்களில் அவை உயிர் காக்கும். நாங்கள் போகிற கரையில் ஒரு தேநீர்க் கடை மறையுமுன் அடுத்தது வந்துவிடும். இங்கே மனிதரை விழுத்துவது வெயில், வியர்வை, நுளம்பு, சொல்லாமல் வரும் மழை. ஆகவே சாப்பாட்டையும் குளிருடுப்பையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீரையும் காய்ந்த துணியையும் நுளம்பு வலையையும் வைத்தேன். பாதிப் பாரம் அதிலேயே குறைந்தது.

திகதியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரைக்கு மழையைக் கொண்டு வருகிறது. ஒக்டோபரிலும் நவம்பரிலும் பிற்பகலானால் இடியும் மின்னலும். மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை அதே கதை. எங்களைப் போன்ற புதியவர்களுக்கு ஜனவரியும் பெப்ரவரியும்தான் ஓரளவு நம்பக்கூடிய மாதங்கள். போயாவை ஒட்டிய நாட்களில் இரவு நிலா வெளிச்சம் கிடைக்கும். போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். இரண்டு பெண்கள் கரையோரப் பாதையில் சைக்கிள் ஓடும்போது அது சிறிய விஷயம் அல்ல. பெப்ரவரிப் போயாவான நவம் போயாவை ஒட்டிக் கங்காராமை விகாரையின் பெரஹரா ஊர்வலத்துக்காக ஹுணுப்பிட்டிப் பக்கம் மாலையில் வீதிகளை மூடுவார்கள். நாங்கள் விடியமுன் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுவோம்.

நேரக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும் என்பது என் முடிவு, கிலோமீற்றர் பிறகு. பெப்ரவரியில் இங்கே சூரியன் ஆறரைக்குச் சற்று முன்னர் உதித்து, மாலை ஆறே காலுக்குப் பின் மறைகிறது. அந்தி நீளாது; மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும். பத்தரைக்கு மேல் தார் வீதி கொதிக்கத் தொடங்கும். ஆக, நிம்மதியாக ஓடக்கூடிய நேரம் விடியற்காலை ஐந்தரையிலிருந்து பத்தரை வரை ஐந்து மணித்தியாலம், பிறகு மூன்றிலிருந்து ஐந்து வரை. இடைப்பட்ட நேரம் நிழலில் இருப்பதற்கு. சாமானோடு மணிக்கு 12 கிலோமீற்றர் என்று மெதுவாகவே கணக்கிட்டிருக்கிறேன். வழியில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் காலையிலேயே நீர்கொழும்பை அடைந்துவிடலாம். மதியத்தை அங்கே கழித்துவிட்டு, வெயில் தணிந்த பின் மீதி 12 கிலோமீற்றர் சொச்சம். ஐந்து மணிக்குள் கூடாரம் நின்றாக வேண்டும். புதுக் கூடாரத்தை இருட்டில் அடித்துப் பழக எனக்கு விருப்பமில்லை.

பாதை விஷயத்தில் மச்சாளுக்கும் எனக்கும் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. புத்தளம் வீதி நேரானது, அகலமானது, ஒட்டுப் போடும் கடைகள் நிறைந்தது என்பது அவள் வாதம். எல்லாம் உண்மை. ஆனால் அந்த வீதியில் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும்போது சைக்கிளுக்கு மிஞ்சுவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழ இடம். நான் கேட்டது கடலோரப் பாதை. மட்டக்குளிப் பாலத்தால் களனி கங்கையைக் கடந்து, ஹெந்தல, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம என்று மேலே போனால், இடது பக்கம் கடல், வலது பக்கம் ஹமில்டன் கால்வாய். அதற்கும் அப்பால் முத்துராஜவெல சதுப்பு நிலம். ஒடுங்கிய தரைத் துண்டு அது. ஏற்றம் இறக்கம் ஏதுமில்லை. வேகமாகப் போக வேண்டிய வாகனங்கள் நெடுஞ்சாலையையோ புத்தளம் வீதியையோ பிடித்துவிடுவதால், இங்கே ஓடுவது பெரும்பாலும் ஊர்க்காரரின் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் மீன் லொறிகளும்தான்.

அந்தக் கால்வாயைப் பார்த்துக்கொண்டே போவதற்காகவே அந்தப் பாதையைக் கேட்டேன் என்றும் சொல்லலாம். சதுப்பு நிலத்தில் ஏறிவிட்ட உப்புத் தண்ணீரை வெளியேற்றுவதற்காக ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தது. அதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயும் உண்டு. முத்துராஜவெல 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கொழும்பின் குப்பையும் கட்டடங்களும் விளிம்புவரை வந்துவிட்ட பிறகும், கொக்குகளும் முதலைகளும் மிச்சமிருக்கிற அந்த ஈரநிலத்தை ஒரு முறையாவது பஸ் ஜன்னலூடாக இல்லாமல், நின்று பார்க்க வேண்டும். கடைசியில் மச்சாள் சம்மதித்தாள். நீர்கொழும்புக் களப்பின் வாயைப் பாலத்தால் கடந்து ஊருக்குள் போகிறோம். அதற்குப் பிறகு கொச்சிக்கடை, மகா ஓயா, வைக்கால. இரண்டாம் நாள் வென்னப்புவ, மாரவில, மாதம்பை வழியாகச் சிலாபம்.

இந்தப் பாதையின் பெரிய பலம் ரயில் பாதை. நீர்கொழும்பு, கொச்சிக்கடை, வைக்கால, லுணுவில, நாத்தாண்டிய, மாதம்பை என்று நிலையங்கள் நெருக்கமாக வருகின்றன. ஒருவருக்கு முடியாமல் போனால் அடுத்த நிலையம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகக்கூடிய தூரத்திலேயே இருக்கும். எந்த இடத்தில் விட்டுத் திரும்பலாம் என்று தெரிந்து வைத்திருந்தால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று திணிக்கும் சாமான் தானாகக் குறைகிறது. மேலதிக மருந்து, மேலதிக உணவு, மேலதிக உடுப்பு எல்லாம் பயத்தின் பாரம். நிலையங்களையும் மருத்துவமனைகளையும் ஒரு கடதாசியில் தூரத்தோடு வரிசையாக எழுதி, தெளிந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, சைக்கிளின் மேல் பாரில் ஒட்டியிருக்கிறேன். கைத்தொலைபேசியில் வரைபடம் உண்டு. ஆனால் ஹாண்டிலில் வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் அது சூடேறி அணைந்துவிடும். கடதாசிக்கு அந்த வருத்தம் கிடையாது.

தண்ணீர் ஆளுக்கு இரண்டரை லீற்றர். இரண்டு போத்தல்கள் சட்டகத்தில், ஒன்று பைக்குள். மணிக்கு ஒரு முக்கால் லீற்றர் குடித்தாலும் இந்த ஊர் வெயிலில் அது வியர்வையாகப் போய்விடும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவது நல்லதல்ல, உப்பும் உள்ளே போக வேண்டும். அதற்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத் தூள் பக்கெட்டுகள் சில எடுத்திருக்கிறேன். வழியில் செவ்விளநீர் கண்ட இடமெல்லாம் நின்று குடிப்பது என்றும் தீர்மானம். சாப்பாடு கடைகளில்தான். ஆனாலும் வீட்டிலிருந்து சில பண்டங்கள் வருகின்றன. பனங்கட்டித் துண்டுகள், பருத்தித்துறை வடை, ஒரு சிறு பை புழுக்கொடியல், அதாவது அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு. விலையான சக்திக் கட்டிகளைவிட இவை எனக்குப் பொருத்தம். பனங்கட்டி உருகிக் கையில் ஒட்டாது. வடை உறைப்பும் உப்புமாக, நாள் கடந்தாலும் மொறுமொறுப்பாக இருக்கும். புழுக்கொடியலை வாயில் போட்டால் மென்று முடிக்க நேரம் எடுக்கும். மதிய வெயிலில் நிழலுக்குள் இருக்கிறபோது அதுதான் வேண்டும்.

மூட்டை கட்டும் விஷயத்தில் எனக்கு ஆசான் வீட்டிலேயே இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் அப்பா சைக்கிளில் ஏற்றாத சாமான் இல்லை. விறகு, நெல் மூட்டை, அரிவாளும் கத்தியும் வெளித்தெரிகிற தோட்டச் சாமான், ஒரு தடவை தையல் மெஷின். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நகர்ந்தபோது, கரியரில் அம்மம்மாவின் பெட்டியும் ஹாண்டிலில் இரண்டு பாத்திரப் பைகளும் தொங்க, முன் பாரில் என்னை வைத்து நாவற்குழிப் பாலத்தை அவர் சைக்கிளைத் தள்ளியே கடந்தார். எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஆகவே நான் கடையில் வாங்கிய நீளமான சீட் பையைக் கொண்டுவந்து கட்டியபோது, அப்பா எதுவும் பேசாமல் அதன் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். பை ஆடியது.

“மூட்டையைப் பிடித்து ஆட்டிப் பார், பிள்ளை. மூட்டை ஆடினால் அவிழ்த்துக் கட்டு. முழுச் சைக்கிளும் சேர்ந்து ஆடினால் சரி.”

பிறகு பழைய டியூப் ஒன்றைக் கேட்டார். அதன் வால்வுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் கத்தரிக்கோலை ஓட்டி இரண்டு விரல் அகலத்தில் வார் வார்களாக வெட்டினார். ஓரத்தில் சிறு கீறல் இருந்தாலும் இழுக்கும்போது அங்கேதான் கிழியும் என்று, வெட்டிய ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வாரின் ஒரு நுனியைக் கரியரின் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி அதன் மேலேயே அடுத்த சுற்று விழும்படி அழுத்தினார்; முடிச்சுப் போடவில்லை. மீதியை முழு நீளத்துக்கு இழுத்து, இழுவை தளராமல் பையைக் குறுக்காகச் சுற்றி வந்து, கடைசி நுனியை முந்தைய சுற்றின் கீழே பெருவிரலால் தள்ளிச் செருகினார். இறப்பர் மேல் இறப்பர் இறுகப் பிடித்துக்கொள்கிறது. இழுவை இருக்கும்வரை அது வழுகாது, அவிழ்க்க வேண்டுமானால் செருகிய நுனியை ஒரே இழுப்பில் எடுக்கலாம். இப்போது பையைப் பிடித்து ஆட்டினால் சுவரோடு சாத்தியிருந்த சைக்கிள் முழுவதும் அசைந்தது. கொக்கி வைத்த மீள்கயிறுகள் இரண்டு வாங்கி வைத்திருந்தேன். அவை மழைச் சட்டையைச் செருகிவைக்க மட்டும் போதும். பாரத்தைப் பிடிப்பது இந்த வார்கள்தான்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதிலும் அப்பா சொன்னதும் நான் வாசித்ததும் ஒத்துப்போயின. கனமானவை தாழவும் நடுவிலும் இருக்க வேண்டும்: தண்ணீர், கருவிகள், பூட்டு, தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்க். பருமனாக இருந்தாலும் பாரமில்லாத துணியும் வலையும் முன்பக்கம் ஹாண்டிலில். சீட்டுக்குப் பின்னே எவ்வளவு தூரம் தள்ளிப் பாரம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு எழுந்து நின்று மிதிக்கும்போது அது வாலாட்டும். ஆகவே சட்டகத்தின் முக்கோண இடைவெளிதான் விலைமதிப்பான இடம். அதற்கென்று வரும் பைகள் கப்பல் செலவோடு பார்த்தால் என் சம்பளத்துக்குக் கட்டாது. வாங்கினாலும் என் சட்டகத்துக்கு அளவாக இருக்குமா என்பது சந்தேகம். முச்சக்கர வண்டிகளுக்கு ஹுட் தைக்கிற ஒருவரிடம் போனேன். சைக்கிளை அட்டைப் பலகைமேல் சாத்தி, முக்கோணத்தைப் பென்சிலால் கீறி, வெட்டி, போத்தல்களுக்கு இடம் விட்டு மறுபடி வெட்டி, ஒரு மாதிரி செய்து கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அகலம் ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் போனால் முழங்கால் உரசும் என்று தாமாகவே சொன்னார். லொறிக்குப் போடுகிற படங்குத் துணியில் இரட்டைத் தையல், மேலே ஒரு நீள சிப், பாரோடு கட்ட வெல்க்ரோ நாடாக்கள். கொழும்பில் இப்படிப்பட்ட கைகள் இருக்கும்போது தபாலில் வரும் பைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. படங்கு தண்ணீர் விடாது. தையல் ஓட்டைகள் விடும். அதனால் உள்ளே வைப்பதெல்லாம் தடித்த பொலித்தீன் பைகளில் சுருட்டிக் கட்டப்படும்.

உடுப்புக்கு வருகிறேன். ஓடுவதற்கு ஒரு சோடி, படுப்பதற்கு ஒரு சோடி, கோயிலுக்கு ஒரு பருத்திச் சுடிதார். அவ்வளவுதான். பஞ்சு வைத்த உட்காற்சட்டையின் மேல் தளர்ந்த காற்சட்டை. தொடை உரசும் இடங்களில் வாசலின். இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சீத்தைத் துணி. தோட்டத்தில் கிணற்றடியில் குளிக்க அதுவே குறுக்குக்கட்டு. காய்ந்ததும் இரவுக்குப் போர்வை. மதியம் கழுத்தையும் தோளையும் வெயிலிலிருந்து மூடும். உடை மாற்ற மறைப்பு வேண்டுமானால் இரண்டு மரங்களுக்கிடையில் கட்டலாம். எங்கள் பாட்டிமார் ஒரே துணியை எத்தனை விதமாகப் பயன்படுத்தினார்கள் என்பதை இந்த மூட்டை கட்டும்போதுதான் முழுதாக உணர்கிறேன். கரையோரக் காற்றில் அது அரை மணியில் உலரும். துவாய் இரவு முழுக்க ஈரமாகவே கிடக்கும்.

உறக்கப் பை இல்லை. பெப்ரவரி இரவில்கூட இந்தக் கரையில் வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது குறைவு. வேண்டியது கீழே ஒரு மெல்லிய மெத்தைத் தகடு, ஈரமும் எறும்பும் ஏறாதபடி, மேலே வலை. இருவருக்கும் ஒரே கூடாரம்; துணியை நான் கொண்டுபோகிறேன், கம்பிகளும் முளைகளும் மச்சாளிடம். வானம் தெளிவாக இருந்தால் வெளித்துணியை மாட்டாமல் உள்வலையை மட்டும் நிறுத்திக் காற்றோட்டமாகப் படுக்கலாம். வெளித்துணியைக் கைக்கெட்டிய தூரத்தில் மடித்து வைத்திருக்க வேண்டும், இரவு மழை வந்தால் ஒரு நிமிடத்தில் போர்த்துவதற்கு. அதையும் மொட்டை மாடியில் இருட்டில் பழகிப் பார்த்தோம். இடம் தேர்வதில் ஒரே ஒரு கண்டிப்பான விதி: தென்னைக்குக் கீழே படுக்கக் கூடாது. காய்ந்த மட்டை விழுந்தாலே கூடாரம் கிழியும். தேங்காய் விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை. தென்னந்தோட்டத்தில் தென்னையில்லாத இடத்தைத் தேடுவது சிரமம்தான். தோட்டத்துச் சொந்தக்கார அங்கிளிடம் தொலைபேசியில் கேட்டபோது, கிணற்றுக்கும் பழைய மாட்டுக் கொட்டிலுக்கும் இடையில் ஒரு வெளி இருக்கிறது, அதன் மேல் ஓலை நீளாது என்றார். அவருடைய மனைவி வீட்டுக்குள்ளேயே படுக்கச் சொல்லிக் கெஞ்சினார். மழை கடுமையானால் விறாந்தைக்கு வந்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் தடவை தெரிந்தவர் வளவில் தங்குவதே சரி என்று நினைக்கிறேன். கூடாரமும் புதிது, உடல் அலுப்பும் புதிது. இடமும் புதிதாக இருந்தால் உறக்கம் வராது.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக. மேலதிக டியூப் ஆளுக்கு ஒன்று, ஒட்டுப் பெட்டி, டயர் கழற்றும் நெம்பிகள், கைப் பம்ப், அலன் சாவிகள், செயின் இணைப்பு, கொஞ்சம் கம்பி, மின்சாரக் கறுப்பு நாடா. எங்கள் இரண்டு சைக்கிளும் 26 அங்குலச் சில்லு. சிறு பட்டணக் கடையிலும் டியூப் கிடைக்கும். ஒல்லியான பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தோடு கோர்த்துக்கொள்ளுங்கள்; ஒட்டுக் கடைப் பம்ப்புகள் பல அந்த வால்வில் நேரடியாகப் பொருந்தாது. பின் சில்லைக் கழற்றி டியூப் மாற்றி மீண்டும் பூட்டுவதை வீட்டு நடையில் செய்து பழகினோம். பின் சில்லைத்தான் பழக வேண்டும், முன் சில்லு யாருக்கும் வரும்.

அம்மா ஒரு வாரமாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் நான் பாத்திரம் ஒன்றை எடுக்கப் போனபோது கேட்டார்: “விரும்பி யாராவது மூட்டை கட்டிக்கொண்டு வெளியில் போய்ப் படுப்பார்களா?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். மூட்டை என்றால் அவருக்குத் தென்மராட்சியின் பாடசாலை மண்டபத் தரையும் ஈரப் பாயும்தான். அந்தப் பாரத்துக்கு முன்னால் என் விடுமுறைப் பாரத்தை வைத்துப் பேச எனக்குச் சொற்கள் சுலபமாக வரவில்லை. கடைசியில் இப்படிச் சொன்னேன்: அம்மா, உங்களுக்கு எதை எடுப்பது, எப்போது போவது, எங்கே நிற்பது என்று எதுவும் உங்கள் கையில் இருக்கவில்லை. எனக்கு எல்லாமே என் கையில் இருக்கிறது. எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று நானே தீர்மானித்து, போய், திரும்பி வர வேண்டும். அதற்காகத்தான் போகிறேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை என் பைக்கு அருகில் அடையாள அட்டையின் இரண்டு பிரதிகள் இருந்தன, தனித்தனிப் பொலித்தீனில்.

அவற்றை ஒன்று என் பையிலும் ஒன்று மச்சாளிடமும் வைத்துக்கொள்கிறோம். கூடவே சில்லறை நோட்டுகள், விசில், பின்னால் சிவப்பு விளக்கு. பகலிலும் அதை எரியவிடுவோம். கட்டாக்காலி நாய்கள் துரத்தினால் வேகம் கூட்டாமல் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் நமக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது. கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை. பயணம் அத்தோடு நிறுத்தம், பேச்சில்லை. அம்புலன்சுக்கு 1990 சுவசெரிய இலக்கம் இருவரின் தொலைபேசியிலும் உண்டு. மாலை ஐந்துக்கும் இரவு ஒன்பதுக்கும் வீட்டுக்கு அழைப்பது என்றும் ஒப்பந்தம்.

முழுச் சாமானோடு சோதனை ஓட்டம் ஒன்றை மரைன் டிரைவில் விடியற்காலையில் செய்தோம். காலி முகத்திடல் வரை போய், புறக்கோட்டையின் குண்டும் குழியுமான குறுக்குத் தெரு ஒன்றில் வேண்டுமென்றே ஓட்டித் திரும்பினோம். தொங்கு தராசில் என் மூட்டை, தண்ணீர் நீங்கலாக, 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அப்பாவின் வார்கள் ஒன்றும் தளரவில்லை. ஹாண்டிலில் கட்டிய துணிச் சுருள் விளக்கின் ஒளியை மறைத்தது. விளக்கை ஹாண்டிலிலிருந்து எடுத்து முன் கவைக்கு இறக்கினோம். பிரேக் பிடித்தால் சைக்கிள் நிற்க முன்பைவிடக் கூடுதல் தூரம் வேண்டும் என்பதைக் கைகள் பழகிக்கொண்டன. மச்சாளின் பையிலிருந்து ஒரு தடித்த துவாயும் இரண்டாவது சோடி செருப்பும் வெளியே வந்தன. என்னுடையதிலிருந்து தேநீர்க் கேத்தல். வீதி முழுவதும் பிளேன்ரீ கிடைக்கும் நாட்டில் அது எதற்கு என்று மச்சாள் கேட்டாள், அவள் கேட்டது நியாயம்.

இன்னும் முடியாத ஒரே விஷயம் திரும்பி வரும் ரயில். சைக்கிளைப் பார்சலாகப் பதிந்து ஏற்ற வேண்டும். எல்லா ரயிலிலும் அதற்குரிய பெட்டி இருப்பதில்லை, விடுமுறை நாளில் நேர அட்டவணையும் மாறும். கோட்டை நிலையப் பார்சல் கருமபீடத்தில் நேரில் போய்க் கேட்டுவிட்டே முடிவு சொல்வதாக மச்சாள் பொறுப்பேற்றிருக்கிறாள். ரயில் சரிவராவிட்டால், அங்கிளின் மகன் தேங்காய் லொறியில் கொழும்பு வரும்போது சைக்கிள்களை ஏற்றிவிடுவார். நாங்கள் சிலாபத்திலிருந்து பஸ் பிடிப்போம். மட்டக்குளிப் பாலத்தின் இந்தப் பக்கத்தில் ஐந்தரைக்குச் சந்திப்பு. கொட்டாஞ்சேனையிலிருந்து அவளுக்குப் பக்கம். எனக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு மணித்தியாலம் வேண்டும், மேலும் மூட்டை கட்டிய சைக்கிள் எங்கள் மாடி லிஃப்டுக்குள் நுழையாது. ஆகவே சைக்கிளை முதல்நாள் இரவே கீழே கொண்டுபோய்க் காவலாளியின் அறைக்கு முன்னால் பூட்டிவிட்டு, பைகளை நாலு மணிக்கு அப்பாவும் நானும் கையில் இறக்கிக் கீழே வைத்துக் கட்டுவதாக இருக்கிறோம்.